இரட்டைத் தொகுதி எம்.எல்.ஏ.வின் தேர்தல் வரலாறு: தேர்தல் ஆணையத்தின் பழைய அறிக்கைகள் எதுவரை கைகொடுக்கும்?

இந்தியத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் ஒரு புள்ளிவிவர அறிக்கை வைத்திருக்கிறது. இலவசம், பி.டி.எஃப். வடிவம், ஆங்கிலம். சென்னை மாகாணச் சட்டப்பேரவைக்கு முதல் இரண்டும் 1951, 1957 என்ற ஆண்டுகளில் கிடைக்கும். இங்கேயே முதல் தடுமாற்றம். நாம் 1952 தேர்தல் என்று சொல்வது அங்கே 1951. சென்னை மாகாணத்தில் வாக்குப்பதிவு நடந்தது 1952 ஜனவரியில்தான், ஆனால் நாடு முழுக்க வாக்குப்பதிவு 1951 அக்டோபரில் தொடங்கிவிட்டதால் அறிக்கையின் பெயர் அப்படி. 1952 என்று தேடிவிட்டு 'இல்லை' என்று திரும்புகிறவர்கள் உண்டு.

ஒற்றை உறுப்பினர் தொகுதியில் நின்ற ஒருவரின் வெற்றி தோல்வியை எடுக்க இந்த அறிக்கைகளைவிட நல்ல இடம் கிடையாது. பெயர், கட்சி, வாக்கு, விழுக்காடு எல்லாம் ஒரே பக்கத்தில். ஆனால் 1952, 1957 தேர்தல்களில் ஒரே தொகுதியிலிருந்து இரண்டு பேர் தேர்வாகும் இரட்டை உறுப்பினர் தொகுதியில் நின்றவரைத் தேடினால், அறிக்கையில் உள்ள எண்கள் சரியாக இருந்தும் அவற்றிலிருந்து நாம் எடுக்கும் முடிவு தப்பாகிவிடும். இந்த மதிப்புரை அந்தத் தப்புகளைப் பற்றியது.

முதலில் அளவு. 1952இல் சென்னை மாகாணப் பேரவைக்கு 375 உறுப்பினர்கள், தொகுதிகளோ 309தான். 66 தொகுதிகள் தலா இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தன. அவற்றில் 62இல் ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கு, 4இல் ஓர் இடம் பழங்குடியினருக்கு. ஆந்திரமும் மலபாரும் பிரிந்த பிறகு 1957இல் 205 உறுப்பினர்கள், 167 தொகுதிகள், 38 இரட்டைத் தொகுதிகள். அந்தக் காலத்தில் தனித் தொகுதி என்று தனியாக ஒன்று இங்கே இல்லை. தனி இடம் என்பது பெரிய தொகுதி ஒன்றுக்குள் பொது இடத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மக்களவையிலும் இரட்டைத் தொகுதிகள் இருந்தன: 1952இல் 401 தொகுதிகள், 489 உறுப்பினர்கள். வங்காளத்தில் வடக்கு வங்காளம் என்ற ஒரே தொகுதி மூன்று பேரை அனுப்பியது.

அறிக்கையை எக்செல்லில் ஏற்றுபவர்கள் இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். தொகுதிப் பெயரை வைத்து அதற்குரிய வரியைத் தேடி எடுக்கும் 'விலுக்கப்' (VLOOKUP) போட்டால் முதல் வெற்றியாளர் மட்டும் வருவார், இரண்டாமவர் சத்தமில்லாமல் காணாமல் போவார். 1952க்கு 66 பேர், 1957க்கு 38 பேர் இப்படி மறைவார்கள். வெற்றியாளர் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். 375ம் 205ம் வரவில்லையென்றால் மேலே போகாதீர்கள். ஆண்டு, தொகுதி, இட எண் என்று மூன்றையும் சேர்த்து ஒரு குறியீடு கொடுத்தால் இந்தத் தொல்லை தீரும். விரிவான முடிவுப் பகுதியில் ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை இடம் என்ற குறிப்பு இருக்கிறது. அதை ஒரு தனிப் பத்தியாக (column) ஏற்றிவிடுங்கள், பிற்பாடு எல்லாக் கணக்குக்கும் அதுதான் அச்சாணி.

அடுத்தது வாக்குச் சீட்டு. இரட்டைத் தொகுதியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. அன்று வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். ஒரு ரூபாய் நோட்டு அளவுச் சீட்டைப் பெட்டிக்குள் போட வேண்டும், முத்திரை குத்தும் முறை இல்லை. இரண்டு சீட்டையும் இரண்டு வேறு வேறு பெட்டியில் போட வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இதைச் சொன்னது: ஒரே வேட்பாளருக்கு இரண்டையும் போட்டால் ஒன்று எண்ணப்படும், மற்றது செல்லாது. ஒரு சீட்டைப் போட்டுவிட்டு இன்னொன்றைப் போடாமலும் போகலாம்.

இதன் விளைவை எண்ணில் பார்ப்போம். கணக்குக்காக ஒரு கற்பனைத் தொகுதி. வாக்காளர் 1,00,000 பேர். வந்து வாக்களித்தவர் 55,000. செல்லும் வாக்கு 98,000. பொது வேட்பாளர்கள் அ 30,000, ஆ 27,000. தாழ்த்தப்பட்டோர் சமூக வேட்பாளர்கள் இ 22,000, ஈ 19,000.

அ வாங்கியது 30.6 விழுக்காடு. ஒற்றைத் தொகுதிக் கண்ணோடு பார்த்தால் 'மூன்றில் ஒருவர்கூட இவரை விரும்பவில்லை' என்று எழுதத் தோன்றும். உண்மையில் வாக்குச் சாவடிக்கு வந்த 55,000 பேரில் 30,000 பேர், அதாவது 54.5 விழுக்காட்டினர், அவருக்கு ஒரு சீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் இரண்டு சீட்டையும் ஒழுங்காகப் போட்டால் ஒரு வேட்பாளர் எட்டக்கூடிய உச்சமே 50 விழுக்காடுதான். அதனால் 1957இல் 30 வாங்கி, 1962இல் ஒற்றைத் தொகுதியில் 48 வாங்கியவரைப் பற்றி 'செல்வாக்கு கூடியது' என்று எழுதுவது வெறும் கணக்குப் பிழை. குறைந்திருக்கவும் வாய்ப்புண்டு.

வாக்குப்பதிவு விழுக்காடும் இப்படித்தான் ஏமாற்றும். 98,000 வாக்கை 1,00,000 வாக்காளரால் வகுத்தால் 98 விழுக்காடு. வந்தவர்களோ 55 விழுக்காடு. வாக்காளர் எண்ணிக்கையை இரட்டித்து வகுத்தால் 49. இது கற்பனைத் தொகுதியோடு நிற்கிற கதை அல்ல. 1952 மக்களவைத் தேர்தலுக்கு ஓர் அட்டவணையில் 61.2 விழுக்காடு என்றும் இன்னொன்றில் 45.7 என்றும் பார்த்துக் குழம்பாதவர் குறைவு. வாக்காளர் 17.32 கோடி, செல்லும் வாக்கு 10.59 கோடி. நேராக வகுத்தால் 61.2 வந்துவிடும். ஆனால் அந்த 10.59 கோடியில் இரட்டைத் தொகுதிக்காரர்களின் இரண்டாம் வாக்கும் சேர்ந்திருக்கிறது. அந்தத் தொகுதி வாக்காளர்களை இருமுறை எண்ணினால்தான் 45.7 வரும். எந்த எண்ணை எடுத்தாலும் எதை எதனால் வகுத்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

கற்பனைத் தொகுதியில் 55,000 பேருக்கு 1,10,000 வாக்குகள் இருந்தன, எண்ணப்பட்டவை 98,000. மீதி 12,000 எங்கே? ஒரே சீட்டோடு நிறுத்தியவர்கள், இரண்டையும் ஒரே பெட்டியில் திணித்தவர்கள், வேறு விதத்தில் செல்லாதவை. இதில் எது எவ்வளவு என்பதுதான் வரலாறு எழுதுபவருக்கு வேண்டியது, வேட்பாளர் வாரி முடிவுகளைப் பார்த்து அதைப் பிரித்தெடுக்க முடியாது. இது சின்ன விஷயமும் அல்ல. 1952இல் வடக்கு பம்பாய் நகர மக்களவைத் தொகுதி இரட்டைத் தொகுதி. தனி இடத்தில் அம்பேத்கர், காங்கிரசின் நாராயண் கஜ்ரோல்கரிடம் ஏறத்தாழ 14,500 வாக்கில் தோற்றார். செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டவை 74 ஆயிரத்துக்கு மேல். அம்பேத்கரும் அவரோடு ஜோடியாகப் பொது இடத்துக்கு நின்ற அசோக் மேத்தாவும் தேர்தல் வழக்குப் போட்டது இதை வைத்துத்தான். வெறும் வாக்கு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது.

இப்போது யார் ஜெயித்தார் என்ற கேள்வி. இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அதே சட்டத்தின் 54ஆம் பிரிவு சொன்ன முறை: தனி இடத்துக்குத் தகுதியுள்ளவர்களில் அதிக வாக்கு வாங்கியவரை முதலில் அந்த இடத்துக்கு அறிவிக்க வேண்டும். பிறகு மீதியுள்ள எல்லோரிலும், எந்தச் சமூகமானாலும், அதிக வாக்கு வாங்கியவருக்கு அடுத்த இடம். நம் எடுத்துக்காட்டில் முதலில் இ (22,000), அடுத்து அ (30,000). 27,000 வாங்கிய ஆ தோற்றார், 22,000 வாங்கிய இ வென்றார். வாக்கு வரிசைப்படி முதல் இரண்டு பேரை வெற்றியாளர் என்று எடுத்தால் தவறு. வெற்றியாளர் பட்டியலைத் தனியாக எடுத்து ஒப்பிட்டே தீர வேண்டும்.

வாக்கு வித்தியாசமும் இரண்டு தனிக் கணக்கு. தனி இட வெற்றியாளருக்கு அடுத்த தகுதியுள்ள வேட்பாளரோடு ஒப்பிட வேண்டும்: இ கழித்தல் ஈ, 3,000. பொது இடத்துக்கு, தோற்றவர்களில் முதலிடத்தவரோடு: அ கழித்தல் ஆ, 3,000. அ 30,000, இ 22,000, வித்தியாசம் 8,000 என்று எழுதியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அவர்கள் இருவரும் எதிரிகளே அல்ல, இருவரும் ஜெயித்தவர்கள்.

தோற்றவர் கட்டுத்தொகை (டெபாசிட்) இழந்தாரா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். பேரவைக்கு 250 ரூபாய், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வேட்பாளருக்கு 125. வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாதவர் அதை இழப்பார் என்ற விதியை அப்படியே போடக்கூடாது, மொத்த வாக்கை முதலில் இடங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 98,000ஐ இரண்டால் வகுத்து 49,000, அதில் ஆறில் ஒன்று சுமார் 8,167. அதைத் தாண்டியவருக்கு டெபாசிட் தப்பியது. நேராக ஆறால் வகுத்து 16,333 என்று எல்லை போட்டவர்கள் பாவம், டெபாசிட் காத்த பல பேரை இழந்தவர் பட்டியலில் தள்ளிவிடுவார்கள்.

பெயருக்குப் பின்னால் எஸ்.சி., எஸ்.டி. குறி இருந்தால் வேலை சுலபம். ஆனால் அந்தக் குறி வேட்பாளரின் சமூகத்தைச் சொல்கிறதே தவிர, அவர் எந்த இடத்தில் அமர்ந்தார் என்பதைச் சொல்லாது. இதற்கு 1957 பார்வதிபுரம் மக்களவைத் தொகுதிதான் பாடம். ஆந்திரத்தின் இரட்டைத் தொகுதி, ஓர் இடம் பழங்குடியினருக்கு. பழங்குடி வேட்பாளர் சத்தியநாராயண தோரா தனி இடத்தை எடுத்தார். அடுத்து எண்ணினால் இன்னொரு பழங்குடி வேட்பாளர் சூரி தோரா, வி.வி. கிரியைவிடச் சில நூறு வாக்கு முன்னால் நின்றார். பொது இடம் அவருக்குப் போயிற்று. மத்திய அமைச்சராக இருந்தவர், பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர், அப்படித் தோற்றார். தனி இடத்துக்கு என்று அறிவித்து நின்றவர் பொது இடத்தில் எப்படி அமரலாம் என்று கிரி வழக்காடினார். 1959இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: தனி இடம் என்பது குறைந்தபட்ச உறுதி, பொது இடத்தின் கதவு யாருக்கும் அடைத்ததில்லை. 1961இல் இரட்டைத் தொகுதி முறையே சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டது. எனவே தாழ்த்தப்பட்டோர், பழங்குடி உறுப்பினர் என்றாலே 'தனி இடத்து எம்.எல்.ஏ.' என்று எழுதாதீர்கள். அதே தொகுதியில் உடன் வென்றவர் யார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொரு விதிவிலக்கு. தனி இடத்துக்குத் தகுதியுள்ளவர் ஒரே ஒருவர் நின்றால், அவர் அந்த இடத்துக்குப் போட்டியின்றித் தேர்வு. மீதி ஓர் இடத்துக்கு மட்டும் வாக்குப்பதிவு, அப்போது ஒருவருக்கு ஒரு வாக்கு. அந்தத் தொகுதியின் விழுக்காட்டை இரண்டால் திருத்தினால் அது புதிய பிழை.

இனி ஒரு முழு வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்போம். கக்கன் நல்ல சோதனை. 1952இல் மதுரை மக்களவைத் தொகுதி. இரட்டைத் தொகுதி, உடன் வென்றவர் எஸ். பாலசுப்பிரமணியம், இருவரும் காங்கிரஸ். 1957இல் மேலூர் பேரவைத் தொகுதி, அதுவும் இரட்டை, உடன் வென்றவர் எம். பெரியகருப்பன் அம்பலம், மறுபடி இருவரும் காங்கிரஸ். 1962இல் சமயநல்லூர், ஒற்றைத் தொகுதி. 1967இல் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் தோல்வி. நான்கு அறிக்கைகளைத் திறந்தால் நான்கு வரி கிடைக்கும். ஆனால் முதல் இரண்டு வரியின் விழுக்காட்டையும் கடைசி இரண்டு வரியின் விழுக்காட்டையும் ஒரே கோட்டில் வரைந்தால் படம் பொய். தலைப்பெழுத்தும் எல்லா அறிக்கையிலும் ஒன்றுபோல் இருக்காது. பி. கக்கன் என்று மட்டும் தேடினால் பி.எம். கக்கன் சிக்கமாட்டார், பெயரை மட்டும் போட்டுத் தேடுவதே மேல். மதுரை மக்களவைத் தொகுதியும் 1957இல் கே.டி.கே. தங்கமணி ஒருவரை மட்டும் அனுப்பிய ஒற்றைத் தொகுதி ஆகிவிட்டது. பெயர் அதே, தொகுதி வேறு.

கட்சிப் பத்தியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 1957இல் தி.மு.க. அங்கீகாரம் பெற்ற கட்சி அல்ல. அந்தக் கட்சி வென்ற 15 பேரும் அறிக்கையில் சுயேச்சைகள், காஞ்சிபுரத்தில் அண்ணாவும் குளித்தலையில் கருணாநிதியும் உட்பட. மக்களவைக்கு நாமக்கல் இரட்டைத் தொகுதியில் ஈ.வெ.கி. சம்பத்தும் அப்படியே. அங்கே அவரோடு சேர்ந்து வென்றவர் காங்கிரசின் எஸ்.ஆர். ஆறுமுகம். ஒரு தொகுதி, இரண்டு கட்சி. 'நாமக்கல்லை வென்ற கட்சி எது' என்ற கேள்விக்கு அங்கே ஒற்றைப் பதில் கிடையாது. எக்செல்லில் அப்படி ஒரு பத்தி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

அறிக்கையின் பெரிய ஓட்டை இடைத்தேர்தல். பொதுத்தேர்தல் அறிக்கை பொதுத்தேர்தலோடு நின்றுவிடும். இந்த அறிக்கைகளை மட்டும் வைத்துக் காமராஜரின் வரலாற்றை எழுதினால் 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவை, 1957இல் சாத்தூர் பேரவை என்று வரும். நடுவில் 1954 ஏப்ரல் முதல் முதலமைச்சராக இருந்தவர் எந்தத் தொகுதி உறுப்பினர்? பதில் குடியாத்தம், 1954 இடைத்தேர்தல். அதுவும் இரட்டைத் தொகுதிதான். 1952இல் வென்றவர்கள் ஏ.ஜே. அருணாசல முதலியாரும் இரத்தினசாமியும். முதலியார் விலகிய இடத்தில் காமராஜர் நின்றார், இரத்தினசாமி தம் இடத்திலேயே இருந்தார். இரட்டைத் தொகுதியாக இருந்தும், காலியானது ஒன்று என்பதால் அன்று ஒரு வாக்குத்தான். எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் கட்சியின் வி.கே. கோதண்டராமன் 1957இல் அதே குடியாத்தத்தில் வென்றார், காங்கிரசின் டி. மணவாளனோடு சேர்ந்து. அவருடைய 1954 தோல்வி இரண்டு அறிக்கையிலும் இல்லை. காமராஜருக்கு முன்னால் இருந்த ராஜாஜியோ இந்த அறிக்கையில் தேடவே வேண்டாத ஆள். அவர் நியமனத்தில் மேலவைக்கு வந்து முதலமைச்சர் ஆனவர்.

இரண்டு இடத்தில் வென்று ஒன்றை விட்டவர்களும் இதே வகை. முத்துராமலிங்கத் தேவர் 1957இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியிலும் முதுகுளத்தூர் பேரவைத் தொகுதியிலும் வென்றார், பேரவை இடத்தை விட்டார், அதே ஆண்டில் அங்கே இடைத்தேர்தல் நடந்தது. அறிக்கை அவரை முதுகுளத்தூர் வெற்றியாளராகவே காட்டும். அந்தப் பேரவையில் ஐந்தாண்டு யார் அமர்ந்திருந்தார் என்பது வேறு கேள்வி. வழக்கில் தேர்தல் செல்லாது என்று ஆனவர்களும் அறிக்கையில் வென்றவர்களாகவே நிற்பார்கள்.

மாற்று ஏதாவது உண்டா? அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் உருவாக்கிய லோக் தாபா தளத்தில் தரவு சுத்தமாக இருக்கும், பெயர்களை ஆண்டுவாரியாக இணைத்தும் தருவார்கள். ஆனால் அது 1962இல்தான் தொடங்குகிறது, இரட்டைத் தொகுதி ஒழிந்த பிறகு. நாம் தேடும் பத்தாண்டு அங்கே இல்லை. எனவே 1962க்குப் பின் லோக் தாபா, அதற்கு முன் ஆணையத்தின் அறிக்கை, இரண்டையும் ஒட்டும் வேலை நம் கையில். ஒட்டும்போது 1962 தொகுதிகளைக் கவனியுங்கள். 1961 சட்டப்படி ஒவ்வொரு இரட்டைத் தொகுதியும் இரண்டாக வெட்டப்பட்டு ஒன்று பொது, ஒன்று தனி ஆனது. பழைய பெயர் ஒரு துண்டுக்கு மட்டும் போயிருக்கும், மற்றதற்குப் புதுப் பெயர். ஒருவர் 'தொகுதி மாறினார்' என்று தெரிவது பல நேரம் தொகுதியே அவர் காலடியில் பிளந்த கதைதான்.

அறிக்கையின் அமைப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. எழுத்தாகவே தேடலாம், அது பெரிய வசதி. அட்டவணையை நகலெடுத்து எக்செல்லில் ஒட்டினால் பத்திகள் கலையும். தலைப்பெழுத்து ஒரு கட்டத்திலும் பெயர் ஒரு கட்டத்திலுமாகப் பிரியும். ஐம்பது தொகுதிக்குள் என்றால் கையால் அடிப்பதே வேகம். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்திலிருந்து திருப்பும்போது ழ, ள, ல வேறுபாட்டை ஊகிக்காமல் பேரவைச் செயலக வெளியீடுகளிலோ அந்தக் காலத் தமிழ் நாளிதழ்களிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் தீராத தொகுதிக்கு அரசிதழ்தான் கடைசி வார்த்தை. தேர்வானவர் பெயர்களை அறிவிக்கையாக வெளியிட வேண்டும் என்று சட்டத்தின் 73ஆம் பிரிவு சொல்கிறது. அன்றைய சென்னை அரசிதழின் பெயர் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழ், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அதன் பழைய இதழ்க் கட்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். தொகுதிப் பெயரை மட்டும் சொன்னால் தேடுவது பாடு. தேர்தல் மாதத்தையும் அதற்கடுத்த இரண்டு மாதங்களையும் எழுதிக் கொடுங்கள். இடைத்தேர்தல் என்றால் முந்தைய உறுப்பினர் விலகிய அல்லது இறந்த தேதியிலிருந்து தொடங்குங்கள்.